அமானிதத்தை ஒப்பந்தத்துக்கு விட முடியாது

முதியவர் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, உடல் கழுவி, உடை மாற்றி, உணவூட்டி, மாத்திரை கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பெற்றோரைப் பேணிய எவருக்கும் இதன் விடை தெரியும். ஆயினும் இங்கிலாந்தின் கவுன்சில்கள் பல, இல்லப் பராமரிப்பு என்ற பெயரில் 15 நிமிட வருகைகளை விலைக்கு வாங்கி வந்துள்ளன. அங்கே குடியேறிய நம்மவரின் முதல் தலைமுறை முதுமையை எட்டியுள்ள இவ்வேளையில், இந்தக் கொள்முதல் முறையின் அநீதியை உரத்துச் சொல்வது கடமை எனக் கருதுகிறோம்.

கவுன்சில் ஊழியர்களே வீடுதேடிச் சென்று இப்பணியைச் செய்த காலம் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டின் சமுதாயப் பராமரிப்புச் சட்டம் 1993 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், கவுன்சில்கள் சேவை செய்வோர் என்ற நிலையிலிருந்து சேவையை வாங்குவோர் என்ற நிலைக்கு மாறின. இன்று அவை தேவையை மதிப்பிடுகின்றன, ஒப்பந்தப்புள்ளி கோருகின்றன, மணிக்கு இவ்வளவு என விலை வைக்கின்றன. வேலையைச் செய்வோர் பெரும்பாலும் தனியார் நிறுவனத்தார்.

அந்த விலையில்தான் அநீதி தொடங்குகிறது. பராமரிப்பு நிறுவனங்களின் அமைப்பான ஹோம்கேர் அசோசியேஷன், 2025-26ஆம் ஆண்டுக்கு இங்கிலாந்தில் மணிக்கு 32.14 பவுண்டு குறைந்தபட்ச விலை எனக் கணக்கிட்டது. நிறுவனங்கள் தம் நலம் பார்த்தே கணக்கிடும் என ஒருவர் வாதிடலாம். ஆனால் அவ்வாண்டில் சட்டம் விதித்த மணிக்கு 12.21 பவுண்டுக் கூலியும், அதன்மேல் வரும் பயண நேரம், விடுப்பு, பயிற்சி, முதலாளியின் காப்பீட்டுப் பங்கு ஆகியவையும் கற்பனைச் செலவுகள் அல்ல. கவுன்சில் விலையைக் குறைத்தால் அக்குறை எங்கே போய் விழும்? தொழிலாளியின் கூலியில் விழும். அடுத்து, முதியவரின் நிமிடங்களில் விழும். லண்டனின் ஹாரிங்கே கவுன்சிலுக்காக ஒப்பந்த நிறுவனங்களிடம் பணிபுரிந்த பராமரிப்பாளர்கள், வீட்டுக்கு வீடு செல்லும் பயண நேரமும் வேலை நேரமே என்ற தீர்ப்பை 2020இல் தீர்ப்பாயம் ஏறித்தான் பெற வேண்டியிருந்தது.

மேற்பார்வையின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. பராமரிப்பாளர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குச் சென்றார் என்பதைக் கைப்பேசியோ மின்னணுக் கருவியோ பதிவு செய்கிறது. அப்பதிவை வைத்துப் பணம் கணக்கிடப்படுகிறது. மூதாட்டி உண்டாரா, ஈர உடையோடு விடப்பட்டாரா, அவரோடு ஒரு சொல் பேசப்பட்டதா என்பதை அப்பதிவு சொல்லாது. வருகையை எண்ணுவது வேறு. பராமரிப்பைக் கண்காணிப்பது வேறு.

“எங்களிடம் பணமில்லை” என்பது கவுன்சில்களின் பதில். 2010க்குப் பின் மத்திய அரசின் நிதியுதவி கடுமையாகக் குறைக்கப்பட்டதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் சட்டப்படி செய்து முடிக்கவே முடியாத விலைக்கு ஒரு வேலையை வாங்குவது சிக்கனம் அன்று. சுமையை ஏழைத் தொழிலாளியின் தலைக்கு மாற்றுவதே ஆகும். “பராமரிப்புத் தர ஆணையம் சோதிக்கிறதே” என்பது இன்னொரு பதில். ஆணையம் நிறுவனத்தைச் சோதிக்கும். ஆனால் நிமிடத்தையும் விலையையும் ஒப்பந்தத்தில் எழுதியது கவுன்சில் அல்லவா? அதனால்தான் 2022ஆம் ஆண்டுச் சட்டம், கவுன்சில்களையே மதிப்பிடும் அதிகாரத்தையும் ஆணையத்துக்கு அளித்தது.

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, பணியைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு கவுன்சிலை விட்டு நீங்காது. அந்தரங்க உடல் பராமரிப்புக்கு 15 நிமிட வருகை பொருந்தாது என அச்சட்டத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. அரை மணிக்குக் குறைந்த வருகைகளுக்கு, நைஸ் எனப்படும் தேசிய நிறுவனமும் 2015இல் கடும் நிபந்தனைகளை விதித்தது. ஒருவரின் விருப்பத்தையும் நம்பிக்கையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என அச்சட்டத்தின் முதற்பிரிவே பணிக்கிறது. எனவே, தொழுகைக்கு முன் ஒளூ செய்ய உதவி, பெண்ணுக்குப் பெண் பராமரிப்பாளர், ஹலால் உணவு என நம் பெரியவர்கள் கேட்பது சலுகை அன்று. பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய தேவை.

அமானிதம் என்றால் என்னவென்று அறிந்த சமுதாயம் நாம். ஒப்படைக்கப்பட்ட பொருளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டதால் பொறுப்பு தீர்ந்துவிடாது. உயிருள்ள மனிதர் விஷயத்தில் இது எத்துணை மடங்கு பொருந்தும்!

ஆகவே வாசகர்களே, அந்நாட்டில் உங்கள் வாப்பாவோ உம்மாவோ இச்சேவையைப் பெறுவாராயின், வாசலில் வந்து நிற்கும் களைத்த பராமரிப்பாளரிடம் கோபம் காட்டாதீர்கள். முறையீட்டைக் கவுன்சிலுக்கு எழுத்தில் அனுப்புங்கள். தீர்வு இல்லையேல் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளரை அணுகுங்கள். நிறுவனத்தின் தவறுக்கும் கவுன்சிலையே அவர் பொறுப்பாக்குவார். வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் மூன்று வினாக்களை வையுங்கள்: மணிக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்? பயண நேரத்துக்குக் கூலி உண்டா? அரை மணிக்குக் குறைந்த வருகைகள் எத்தனை? அவர் விடையறியாது நின்றால், தகவலறியும் சட்டப்படி கவுன்சிலிடமே கேட்டுப் பெறுங்கள்.