கப் வந்துச்சு, ஊருக்குத்தான் வரலை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் மக்களே. கிரிக்கெட் பிடிக்காதவங்களும் கொஞ்சம் பொறுத்துக்கங்க, இது நம்ம ஊர் சமாச்சாரம்.

2018ல டி.என்.பி.எல். கோப்பையை ஜெயிச்சது யாருன்னு கேட்டா மதுரைக்காரனே பாதிப்பேர் முழிப்பான். ஜெயிச்சது மதுரை பாந்தர்ஸ். அதுக்கு முன்னாடி 2016, 2017 ரெண்டு வருஷமும் 'மதுரை சூப்பர் ஜெயன்ட்'னு ஒரு பேர். பேர்தான் ஜெயன்ட், ரெண்டு சீசன்லயும் ஒரு மேட்ச் கூட ஜெயிக்கலை. ஆபீஸ்ல கோயம்புத்தூர் நண்பர் ஒருத்தர் ஓட்டின ஓட்டு இன்னும் காதுல இருக்கு. அப்படிப்பட்ட டீம், பேரை மாத்தி, ரோஹித் தலைமையில அடுத்த வருஷமே கப்பைத் தூக்குச்சு.

ஆகஸ்ட் 12, ஞாயித்துக்கிழமை, சேப்பாக்கத்துல ஃபைனல். எதிர்ல யாரு? பக்கத்து ஊர் திண்டுக்கல் :) அவங்க 117க்கு ஆல் அவுட். அப்பாடான்னு சாய்ஞ்சு உட்கார்ந்தா, நம்மாளுங்க ஆரம்பத்துலயே மடமடன்னு மூணு விக்கெட்டைக் கொடுத்துட்டாங்க. டீக்கடையில என்கூட பார்த்துக்கிட்டிருந்த பெரியவர் "நம்ம ராசி அம்புட்டுதான் தம்பி"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார். அப்புறம் அருண் கார்த்திக் நின்னாரு பாருங்க! 75 நாட் அவுட். ஷிஜித் சந்திரன் கூட நிக்க, அதுக்கப்புறம் விக்கெட்டே விழலை. 7 விக்கெட்ல ஜெயிச்சாச்சு. 2011 சாம்பியன்ஸ் லீக்ல பெங்களூருக்காக கடைசிப் பந்துல சிக்ஸர் அடிச்ச அதே அருண் கார்த்திக்தான். உலகம் மறந்துபோன ஆளு, ஏழு வருஷம் கழிச்சு நமக்காக ஆடினார்.

அதே டீம்ல ஒரு ஆர்க்கிடெக்ட் பையன் சுழல் போட்டான். என்ன போடுறான்னு பேட்ஸ்மேனுக்கும் புரியலை, டிவியில பார்க்கிற நமக்கும் புரியலை. ஓவருக்கு அஞ்சு ரன் கூடக் கொடுக்கலை. அந்த டிசம்பர்லயே ஐ.பி.எல். ஏலத்துல 20 லட்சத்துல ஆரம்பிச்சு 8.4 கோடிக்குப் போனான். வருண் சக்கரவர்த்தி. 2025 சாம்பியன்ஸ் டிராபியில நியூசிலாந்துக்கு எதிரா 5 விக்கெட் எடுத்தப்போ, "எங்க டீம்லருந்து போனவன்டா"ன்னு வீட்ல சவுண்டு விட்டேன். பொண்ணு ஒரு மாதிரி பார்த்தா.

சரி, இவ்வளவு நடந்தும் ஊர்ல ஏன் ஒரு வெடி கூட வெடிக்கலை? அந்த வாரம்தான் (ஆகஸ்ட் 7) கலைஞர் மறைஞ்சிருந்தார், மாநிலமே துக்கத்துல இருந்துச்சு. அது ஒரு காரணம். ஆனா பெரிய காரணம் வேற. அந்த வருஷம் மேட்ச் நடந்தது சென்னை, நத்தம், திருநெல்வேலி மூணு இடத்துலதான். மதுரைல ஒண்ணு கூட இல்லை. மதுரை டீமைப் பார்க்க மாட்டுத்தாவணியில நத்தம் பஸ் ஏறி திண்டுக்கல் மாவட்டத்துக்குப் போனவன் நான். திண்டுக்கல்காரனுக்கு அது சொந்த கிரவுண்டு, நமக்கு விருந்தாளி வீடு. கண்ணால பார்க்காத டீமை ஊர் எப்படிக் கொண்டாடும்? ஜல்லிக்கட்டுக்கு அலங்காநல்லூர்ல கூட்டம் ஏன் கூடுதுன்னா, மாடு யார் வீட்டு மாடுன்னு எல்லாருக்கும் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

2025 அக்டோபர்ல சிந்தாமணி பக்கம் வேலம்மாள் ஸ்டேடியத்தை டோனி வந்து திறந்து வச்சுட்டார். இடம் இல்லைங்கிற சாக்கு இனி செல்லாது. சந்தோஷம்தான். ஆனா கிரவுண்டு வந்தா மட்டும் போதாதுங்கிறதுதான் என் கட்சி. மேலூர்லயும் உசிலம்பட்டியிலயும் கண்மாய்ப் பொட்டல்ல டென்னிஸ் பால்ல யார்க்கர் போடுற பையன் அந்த வாசல் வழியா உள்ள போகணும், டிக்கெட் வாங்கிக்கிட்டு இல்லை, கிட் பேக்கைத் தூக்கிக்கிட்டு. சேலம் பக்கத்து சின்னப்பம்பட்டியிலருந்து நடராஜன் டி.என்.பி.எல். வழியா இந்தியாவுக்கே ஆடலையா? நம்ம பக்கத்துல மட்டும் ஆள் இல்லாமலா போச்சு?

2018க்கு அப்புறம் 2025 வரைக்கும் நமக்கு இன்னொரு கப் வரலை. நடுவுல 2024ல திண்டுக்கல் வேற ஜெயிச்சுருச்சு, அந்த வயித்தெரிச்சல் தனி. அடுத்த கப் எப்ப வந்தாலும் சரி. அந்த டீம்ல நாலு பேராவது வைகைத் தண்ணி குடிச்சு வளர்ந்தவனா இருக்கணும். அன்னிக்கு அந்தப் பெரியவர் டீக்கடையை விட்டு எந்திரிச்சுப் போக மாட்டார்.