கடையில் வாங்கிய விதையா? செல்போனில் வந்த விதையா?

மார்கழி மாதத்துக் காலை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன் பக்கத்தில் நிற்கிறான். அவன் கையில் செல்போன்.

"அப்பா! கடையில் சொன்ன விலையைவிட இதில் மூட்டைக்கு இருநூறு ரூபாய் குறைச்சல். வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்" என்கிறான் மகன்.

"எந்த ஊரிலிருந்து வருமாம்?"

"வடக்கே ஏதோ ஊர் போட்டிருக்கிறது."

"விதைத்து முளைக்காவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?"

மகன் செல்போனைத் தடவித் தடவிப் பார்க்கிறான். படம் இருக்கிறது. விலை இருக்கிறது. வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்கள்கூட இருக்கின்றன. அப்பா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

இந்தப் பேச்சு இன்று எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் நடக்கிறது. சேலை பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். செருப்பு கடித்தால் மாற்றிக்கொள்ளலாம். விதை அப்படியா? அது மண்ணுக்குள் போன பிறகுதான் அதன் குணம் தெரியும். தெரியும்போது பருவம் கடந்திருக்கும். உழவுக் கூலி, எரு, தண்ணீர், ஆட்கூலி எல்லாம் செலவாகியிருக்கும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஒரு போகமே கைவிட்டுப் போகலாம்.

அதனால் செல்போனில் வாங்குவதே தப்பு என்று சொல்லிவிடலாமா? அதுவும் நியாயமில்லை. கடைகளின் சங்கதியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கடையில் நடப்பது என்ன?

ஊர் விதைக்கடையில் ஒரு வசதி உண்டு. கடைக்காரருக்கு ஆளைத் தெரியும். ஆளின் நிலத்தையும் தெரியும். "என்னண்ணே, கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு நேரம் பாய்கிறது? போன வருஷம் போட்ட ரகம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையைக் காட்டுவார். கையில் அள்ளிப் பார்க்கலாம். தோலை உடைத்துப் பருப்பைப் பார்க்கலாம். பணம் குறைந்தால் அறுப்புக்குப் பிறகு தருகிறேன் என்று சொல்லலாம். எந்தச் செல்போனும் அப்படிக் கடன் எழுதாது.

அந்தக் கடன்தான் பல பேருக்குக் கால்விலங்கும் ஆகிறது. கணக்கு நோட்டில் பெயர் ஏறிய பிறகு விலையைப் பற்றி வாய் திறக்க முடியுமா? "இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உரத்தோடு வேண்டாத டப்பா ஒன்றைத் தலையில் கட்டும் கடைகளும் இருக்கின்றன. இலையில் புள்ளி விழுந்தது என்று ஓடினால், பயிரைப் பார்க்காமலே மூன்று மருந்தை எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பில் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. "நம்மிடம் எதற்கண்ணே பில்லு?" என்று சிரித்து அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தச் சிரிப்புக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. 1983-ஆம் ஆண்டு மத்திய அரசு பிறப்பித்த விதைக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறது? விதை விற்க உரிமம் வேண்டும். இருப்பு எவ்வளவு, விலை என்ன என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும். வாங்குகிறவருக்குப் பில் கொடுக்க வேண்டும். ரொக்கமானாலும் சரி, கடனானாலும் சரி, பில் உண்டு. பலகை மாட்டி, பில் போட்டு, நேர்மையாக விற்கும் கடைகளும் ஊருக்கு ஊர் இருக்கத்தான் செய்கின்றன. மற்றக் கடைகளுக்குப் போகும் இளைஞர்கள்தான் செல்போன் பக்கம் திரும்புகிறார்கள். அங்கே விலை வெளிச்சமாகத் தெரிகிறது. பில்லும் தானாக வந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயன் என்ன?

தபாலில் விதை புதிதா?

விதையைத் தூரத்திலிருந்து வரவழைப்பது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1876-இல் தொடங்கிய பர்ப்பீ கம்பெனி, விலைப்பட்டியல் புத்தகத்தை ஊர் ஊராக அனுப்பி, தபாலிலேயே விதை விற்றுப் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. நம் நாட்டில் 1877-இல் வி.பி.பி. முறை வந்தது. பொருள் கைக்கு வந்த பிறகு தபால்காரரிடம் பணம் கொடுக்கும் அந்த ஏற்பாட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று "கேஷ் ஆன் டெலிவரி" என்கிறார்கள். பாட்டனாரின் வி.பி.பி.தான் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது!

ஆனால் கேளாமலே விதை வந்த கதையும் உண்டு. 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பல மாநிலங்களில், யாரென்று தெரியாத இடத்திலிருந்து வீடுகளுக்கு விதைப் பொட்டலங்கள் வந்தன. சீனாவின் தபால் முத்திரை இருந்தது. என்ன விதை, எதற்கு வந்தது என்று மக்கள் திகைத்தார்கள். "மண்ணில் போடாதீர்கள்" என்று அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நம் மத்திய வேளாண்மைத் துறையும் மாநிலங்களை எச்சரித்தது. தெரியாத விதையோடு தெரியாத களையும் நோயும் சேர்ந்து வரலாம் என்பதே பயம்.

திண்டிவனத்தின் பெயர்

விதையைப் பற்றிப் பேசும்போது இந்த வட்டாரத்துக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. வேர்க்கடலையை ஊரார் மல்லாட்டை என்பார்கள். மண்டியில் மணிலா என்பார்கள். அதன் பழைய பெயர் பெற்ற ரகம் டி.எம்.வி. 2. அந்த மூன்று எழுத்து எந்த ஊரைக் குறிக்கிறது தெரியுமா? திண்டிவனத்தைத்தான்! திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில், குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்து, 1940-இல் வெளியிட்ட ரகம் அது. தமிழ்நாட்டைத் தாண்டி வடக்கே பல மாநிலங்களிலும் பல ஆண்டுகள் அதைப் பயிரிட்டார்கள். 1967-இல் டி.எம்.வி. 7 வந்தது. கிளியனூர் விவசாயிக்குப் பக்கத்து ஊரிலேயே விதையின் தாய்வீடு இருக்கிறது. அவர் மகனோ வடக்கே எங்கோ இருக்கும் கிடங்கிலிருந்து வரவழைக்கலாமா என்று யோசிக்கிறான்.

இதில் ஒரு நடைமுறைக் கஷ்டமும் இருக்கிறது. கொத்துக் கடலையானால் ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேண்டும். தோலோடு வாங்கினால் 70 கிலோவுக்குக் குறையாது. இந்தப் பாரம் லாரி மாறி லாரி ஏறி, இறங்கி, மழையிலும் வெயிலிலும் கிடந்து வர வேண்டும். கடலைப் பருப்பின் மேல்தோல் மிக மெல்லியது. அது உரிந்தால் முளைப்பு கெடும். அதனால்தான் தோலோடு வைத்திருந்து, விதைக்கும் சமயத்தில் பெண்கள் உட்கார்ந்து கையால் உடைத்து, சூம்பலைத் தள்ளிப் பொறுக்குகிறார்கள். உடைத்த பருப்பாகப் பையில் அடைத்துத் தூரத்திலிருந்து வருவதை நம்பி ஏக்கர் கணக்கில் விதைப்பது பெரிய துணிச்சல். அந்தத் துணிச்சல் வேண்டாம்.

கத்தரி, தக்காளி, மிளகாய், கீரை விதைகளின் கதை வேறு. அவை சின்னப் பொட்டலங்கள். கொல்லையிலும் மாடியிலும் தோட்டம் போடும் இல்லத்தரசிகளுக்கு ஊர்க்கடையில் கிடைக்காத ரகம் செல்போனில் கிடைக்கிறது. பத்து விதையில் நான்கு முளைக்காவிட்டாலும் குடும்பம் தெருவுக்கு வராது. அந்த அளவுக்கு ஆன்லைனில் வாங்கிப் பார்ப்பதில் தவறில்லை. அரசு நிறுவனமான தேசிய விதைக் கழகமே இப்போது ஆன்லைனிலும் விற்கிறது.

அட்டையைப் பாருங்கள்

எங்கே வாங்கினாலும் மூட்டையில் ஓர் அட்டை தொங்க வேண்டும். சான்று விதை என்றால் நீல அட்டை. ஆதார விதை என்றால் வெள்ளை அட்டை. விதை உற்பத்தி செய்தவரே தரத்துக்குப் பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதை என்றால் பச்சை அட்டை. பயிர், ரகம், குவியல் எண், காலாவதி நாள் எல்லாம் அச்சிட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம்.

சான்று பெற்ற விதையில் கடலைக்கு நூற்றுக்கு 70-ம், நெல்லுக்கு 80-ம், உளுந்துக்கு 75-ம் குறைந்தது முளைக்க வேண்டும் என்பது அரசு வைத்த அளவு. வீட்டிலேயே சோதிக்கலாம். நூறு பருப்பை எண்ணி ஈர மணலில் போட்டுப் பத்து நாள் கழித்து எண்ணினால் உண்மை வெளிப்பட்டுவிடும். இதற்குத்தான் விதையை விதைப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் வாங்க வேண்டும். முதல் நாள் இரவு ஓடி வாங்கினால் சோதிக்க நேரம் ஏது?

செல்போனில் பெரும்பாலும் பையின் முகப்புப் படம்தான் தெரிகிறது. பளபளவென்று காய்த்துத் தொங்கும் செடி! அட்டையைக் காட்டுவோர் சிலர்தான். குவியல் எண்ணும் காலாவதி நாளும் பொருள் வந்த பிறகுதான் தெரிகிறது. கடைக்காரர் பலகை மாட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, செல்போன் கடைக்கு மட்டும் சலுகை ஏன்? பணம் கட்டும் முன்பே விற்பவரின் உரிம எண்ணும், முளைப்புத் திறனும், சோதித்த நாளும் திரையில் தெரிய வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்கினால் பாதி ஏமாற்று தானே ஒழியும்.

பூச்சிமருந்துக்கு 2022 நவம்பரில் இதற்கு ஒரு தொடக்கம் செய்தார்கள். ஆன்லைனில் பூச்சிமருந்து விற்கலாம், ஆனால் உரிமம் உள்ளவர்தான் விற்க வேண்டும், அதைச் சரிபார்ப்பது ஆன்லைன் நிறுவனத்தின் பொறுப்பு என்று விதி வந்தது. விதைக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

முளைக்காவிட்டால்?

பலர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் முறை உழுது வேறு விதை போட்டுவிட்டுப் பிறகு புகார் சொல்லப் போகிறார்கள். அப்போது காட்டுவதற்கு என்ன இருக்கிறது? வயலை அழிக்கும் முன்பே வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அதிகாரியை நேரில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அட்டை, பை, பில் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பல வீடுகளில் மூட்டையைப் பிரித்ததும் அட்டை அடுப்புக்குப் போய்விடுகிறது!

ஆந்திர விவசாயிகள் இதில் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். வாங்கிய விதை கெட்டது என்று அவர்கள் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். எதிரில் நின்றது தேசிய விதைக் கழகம். "விவசாயி நுகர்வோரே அல்ல, விதையின் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்தார்களா?" என்று வாதாடியது அந்தக் கழகம். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விவசாயியும் நுகர்வோர்தான். வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுகிறவர், பின்னால் வழக்கு வரும் என்று எண்ணி ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது. இப்படிச் சொல்லி, விவசாயிகளுக்குக் கிடைத்த நஷ்டஈட்டை நீதிமன்றம் உறுதி செய்தது.

2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டம் இன்னொரு உதவியும் செய்திருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கிளியனூர்க்காரர் விழுப்புரம் போனால் போதும். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைன் நிறுவனங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் விதியும் வந்தது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது பில்லைத்தான். செல்போனில் வாங்கியவரிடம் அது இருக்கிறது. முப்பது வருஷமாக ஒரே கடையில் வாங்கும் அவருடைய அப்பாவிடம் பெரும்பாலும் இல்லை. பில்லைக் கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறார். கடைக்காரர்களே முந்திக்கொண்டு, கேட்காமலே பில்லை எழுதி மூட்டையோடு கொடுக்க வேண்டும். கொடுத்தால் மகன்களும் செல்போனைப் பையில் வைத்துவிட்டு, அப்பாவோடு கடைக்கு வருவார்கள்.