பிரேக் வைத்தால் நடுங்கும் கார்

"ஏங்க, கார் நடுங்குது. பிரேக் வைக்கும்போது மட்டும்தான்."

என் மனைவி இதை முதன்முறை சொன்னபோது, ரோடு சரியில்லை என்றேன். இரண்டாம் முறை சொன்னபோது, டயர் பழசு, சம்பளம் வரட்டும் என்றேன். தினமும் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது அவர்தான். நான் அலுவலகத்துக்கு எல்ஆர்டியில் போகிறவன். அதனால் அந்த நடுக்கம் என் கைக்குத் தெரியவில்லை.

தெரிந்தது போன மாதம், கெந்திங் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கிய அன்று. வழி நெடுக கால் பிரேக்கிலேயே இருந்தது. காராக் நெடுஞ்சாலையைத் தொட்டு, கோம்பாக் டோல் நெருங்கும்போது பிரேக்கை அழுத்தினேன். ஸ்டீரிங் இரண்டு கைகளையும் பிடித்து உதறியது. பின்னால் அம்மாவும் பிள்ளைகளும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் ஒரு டயர் கடையில் பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் செய்து 110 ரிங்கிட் கொடுத்தேன். நடுக்கம் அப்படியே இருந்தது. இன்னொரு பட்டறையில் காரைத் தூக்கிப் பார்க்காமலே, "நாலு வீலும் பிரேக் மாத்தணும்" என்று ஆயிரத்துக்கு மேல் விலை சொன்னார்கள். கடைசியில் நண்பர் காட்டிய ஒரு பழைய ஃபோர்மேனிடம் போனேன். தகரக் கூரை, ஒரே ஒரு ஜாக்கி லிஃப்ட், வாசலில் தூங்கும் பூனை.

அவர் காரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். "தம்பி, பிரேக் வைக்காம நூறுல போனா ஆடுதா?" இல்லை என்றேன். "அப்ப டயர் பேலன்ஸ் இல்ல. ஆடுறது ஸ்டீரிங்கா, சீட்டா?" ஸ்டீரிங். "அப்ப முன்னாடி. சீட்டும் பெடலும் ஆடுனா பின்னாடி பார்க்கணும்." அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் கொடுத்த 110 ரிங்கிட் என் கண்முன் ஒருமுறை வந்து போனது.

முன் சக்கரங்களைக் கழற்றி, டிஸ்க் பக்கத்தில் கடிகாரம் போன்ற ஓர் அளவுகருவியைப் பொருத்தி டிஸ்க்கைச் சுற்றினார். வலப்பக்க முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். இடப்பக்கம் 0.15 மில்லிமீட்டர் ஆடியது. பல கார்களுக்கு 0.05 முதல் 0.1 வரைதான் அனுமதி. தலைமுடி கனத்து வித்தியாசம் ஒரு காரையே உலுக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பலரும் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லையாம். சூட்டில் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்கிறது, அல்லது டிஸ்க் ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடித்துப் போகிறது. பேட் அந்த மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவதுதான் நம் கைக்கு நடுக்கமாக வருகிறது.

சரி, ஏன் இடப்பக்கம் மட்டும்? அவர் இரண்டு பேட்களை என் உள்ளங்கையில் வைத்தார். உள்பக்கப் பேட் பிஸ்கட் போல மெலிந்திருந்தது, வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். காலிப்பர் நகர்வதற்கு உள்ள ஸ்லைடு பின்னின் ரப்பர் கிழிந்து, தண்ணீர் புகுந்து, துரு பிடித்து இறுகிவிட்டது. காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை முழுதாக விடவில்லை. மாதக்கணக்கில் உரசிச் சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது. மலை இறக்கம் மீதியை முடித்து வைத்தது. ஹப்பில் துரு, டயர் கடையில் துப்பாக்கி போன்ற கருவியால் கன்னாபின்னாவென்று முறுக்கிய நட்டுகள் எல்லாம் கூடுதல்.

ஸ்கிம் போட்டால் போதாதா என்று கேட்டேன். டிஸ்க் விளிம்பில் பொறித்திருந்த குறைந்தபட்ச கனத்தைக் காட்டினார்: 20 மி.மீ. எங்கள் டிஸ்க் 20.2. சீவினால் அதற்குக் கீழே போய்விடும். முன் டிஸ்க் இரண்டும் பேட்களும் புதிது, பின்களைச் சுத்தம் செய்து பிரேக் கிரீஸ், புது ரப்பர், ஹப் துரு தேய்ப்பு. மொத்தம் 430 ரிங்கிட். பின் பிரேக்கைத் திறந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மூடிவிட்டார். நட்டுகளை எதிரெதிராக, அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினார். சிறிய கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் போதும்.

புறப்படும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை பத்துத் தடவை மிதமாக வேகம் குறைக்க வேண்டும், முழுதாக நிறுத்தக்கூடாது. புது பேட் சீராகப் படியும். மலையில் இறங்கும்போது கியரைக் குறைத்து என்ஜினை இழுக்க விட வேண்டும். ஆட்டோ காரிலும் அதற்கென்று எஸ், எல், பி என ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். நான் அந்த எழுத்தை ஐந்து வருடமாகத் தொட்டதே இல்லை. இத்தனைக்கும் கெந்திங் சாலையில் 'கியர் ரெண்டா' என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு மனைவி குறுஞ்செய்தி அனுப்பினார்: "நடுக்கம் இல்லை. ஆனா இப்ப இடது ஜன்னல்ல ஒரு சத்தம்." அன்று மாலையே போய்ப் பார்த்தேன்.