மீளழைப்பு யப்பானில் இருக்கிறவைக்கு மட்டுந்தானா?

வெசல் ஒன்று எடுக்கப்போறம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ, நாலு பேர் நாலு கதை சொல்லுவினம். விற்கிறவர் “கண்டிஷன் சொல்லி வேலையில்லை” என்பார். பாஸ் “எல்லாம் ஓடுற விதத்திலதான் இருக்கு” என்பார். பிறகு கியர்பொக்ஸ் உதறத் தொடங்கினால், எல்லாருமாய்ச் சேர்ந்து பிழையை ஓட்டினவரின் தலையில் போட்டுவிடுவினம். இந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை.

முதலில் வாகனத்தைப் பார்ப்போம். ஹொண்டா வெசல் 2013 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஹைபிரிட் வகைக்குக் கொம்பனி வைத்த பெயரே ‘ஸ்போர்ட் ஹைபிரிட்’. 1.5 லீற்றர் எஞ்சினும் மோட்டரும் சேர்ந்து 152 குதிரைவலு. சின்ன எஸ்யூவி ஒன்றுக்கு அது குறைவில்லை. அந்த வலுவைச் சில்லுக்குக் கொண்டுபோறது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி. கிளட்ச் எண்ணெயில் ஊறாத, காய்ந்த வகை. திறந்த வீதியில் இது சுறுசுறுப்பாய் மாறும், எரிபொருளும் மிச்சம். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை பின்னேரம் ஐந்து மணிக்கு ஊர்ந்தால், கிளட்ச் பாதி பிடிச்சும் பாதி விட்டும் தேய்ஞ்சு சூடாகும். சூட்டை எடுத்துப்போக எண்ணெய் இல்லை. இழுவையில் உதறல் வருவதற்கு இது ஒரு காரணம். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு அக்சிலேற்றரால் வாகனத்தைத் தாங்கிப் பிடிச்சாலும் இதே கதைதான்.

“அப்ப ஓட்டுறவையின்ர பிழைதானே?” என்று கேட்பீர்கள். 2014ஆம் ஆண்டைத் திரும்பிப் பாருங்கள். பெப்ரவரியில், விற்பனைக்கு வந்து இரண்டு மாதத்துக்குள், கியர்பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் குறை என்று ஃபிற் ஹைபிரிட்டும் வெசல் ஹைபிரிட்டும் மீளழைக்கப்பட்டன. யூலையில் இன்னொன்று: எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளால் வாகனம் எதிர்பாராமல் வேகமெடுக்கலாம். ஒக்டோபரில் மறுபடி ஒன்று. அதோடு கொம்பனியின் தலைவர் தக்கனோபு இட்டோ மூன்று மாதத்துக்குத் தன் சம்பளத்தில் 20 வீதத்தை விட்டுக்கொடுத்தார். அங்கே தலைவர் பொறுப்பேற்றார். இங்கே பொறுப்பு, லீசிங் கட்டுறவருக்கு.

2021இல் வந்த இரண்டாம் தலைமுறை வெசலில் அந்த இரட்டைக் கிளட்ச் பெட்டியே இல்லை. செய்தவர்களே கைவிட்ட ஒன்றை, ‘நீ ஓட்டத் தெரியாதவன்’ என்று சொல்லி நாங்கள் ஏன் காப்பாற்ற வேணும்?

எல்லா வெசலும் பழுது என்று நாங்கள் சொல்லவில்லை. மென்பொருள் திருத்தப்பட்டு, பிரச்சினையில்லாமல் ஓடுகிறவை நிறைய உண்டு. எங்கட கேள்வி வேறு: உங்கட வாகனம் திருத்தப்பட்டதா என்று உங்களுக்கு யார் சொன்னது?

யப்பானில் மீளழைப்பு வந்தால் பதிவில் உள்ள உரிமையாளருக்குக் கடிதம் போகும், வேலை இலவசம். பாவித்த வாகனமாய்க் கப்பலேறிய பிறகு அந்தக் கடிதம் யாருக்கு வரும்? வாங்கும்போது காட்டுற ஏலத் தாளில் கீறல் எங்கே, நெளிவு எங்கே, எத்தனை கிலோமீற்றர் என்று இருக்கும். மீளழைப்பு வேலை முடிஞ்சதா என்பதை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. “எல்லாம் தெரிஞ்சுதானே வாங்கினீங்கள்” என்பவர்களிடம் கேட்கிறோம்: எதை வைத்துத் தெரிஞ்சுகொள்ளுறது?

2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறிச் சுற்றின. பழசாக ஆக விலை ஏறிய அதிசயம் இங்கேதான் நடந்தது. விலை ஏறின வேகத்தில் தகவல் கைமாறவில்லை. மூன்றாவது ஆளாய் வாங்கினவருக்கு, தன் வாகனத்துக்கு இப்படி ஒரு வரலாறு இருப்பதே தெரியாது.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று. பாவித்த வாகனத்தை இறக்குகிறவர், மீளழைப்பு நிலையை எழுத்தில் தரவேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், முதற்பதிவின்போது அந்தத் தாளைக் கேட்க வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, குறையை மறைத்து விற்பதை வெறும் ‘வியாபார சாமர்த்தியம்’ என்று விடக்கூடாது. மூன்றுக்கும் புதுக் கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: சசி இலக்கத்தை எடுத்து (முன்சில்லு இழுக்கும் ஹைபிரிட் என்றால் RU3 வகை) தயாரிப்பாளரின் யப்பானிய மீளழைப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வேலை முடிஞ்ச வாகனங்களில் சாரதிக் கதவுப் பூட்டடியில் சின்ன இலக்க ஸ்டிக்கர் ஒட்டுகிற வழக்கம் இருந்தது, கதவைத் திறந்து தேடுங்கள். வாங்க முதல் குளிர்ந்த எஞ்சினோடு மட்டுமில்லாமல், அரை மணித்தியாலம் நெரிசலில் ஓடிச் சூடான பிறகும் ஊர்ந்து பாருங்கள். நெரிசலில் முன்வாகனத்தோடு ஒட்டி ஊராமல், இடைவெளி விட்டு நின்று பிறகு இழுங்கள்.

இது நல்ல புத்திமதிதான். ஆனால் புத்திமதி உத்தரவாதம் ஆகாது. ஒழுங்காய் ஓட்டுறது எங்கட கடமை என்றால், உண்மையைச் சொல்லி விற்கிறது யாருடைய கடமை?