வாத்தியார் வேலை இளப்பமா?

“மகன் என்ன செய்கிறான்?” என்று வினவினால், “சிங்கப்பூரில் இருக்கிறான்”, “துபாயில் இருக்கிறான்” என்று நெஞ்சை நிமிர்த்திக் கூறும் நம் தஞ்சைத் தரணித் தந்தையர், “பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறான்” என்பதை மட்டும் ஏனோ குரல் தாழ்த்திக் கூறுகின்றனர். சபுராளி மாப்பிள்ளை என்றால் உடனே பந்தல் போடும் வீடுகள், ஆசிரியர் மாப்பிள்ளை என்றதும், “வேறு வேலை ஒன்றும் கிடைக்கவில்லையா?” என்று கேட்கின்றன. வேறெதற்கும் ஆகாதவன் போய்ச் சேரும் இடமே பள்ளிக்கூடம் என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் வேரோடிவிட்டது. அதைக் களைந்தெறியாமல் நமக்கு விமோசனமில்லை என்பதே என் வாதம்.

இவ்வாறு எண்ணுவோர்தாம் பிறகு, “நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை, நம் பெண்மக்களுக்கு அறிவியல் கற்பிக்க ஆசிரியையில்லை” என்று கூட்டந்தோறும் அங்கலாய்க்கின்றனர். விதைநெல்லை விற்றுத் தின்றவன், நடவு நேரத்தில் நாற்றங்காலைப் பார்த்து அழுவதில் என்ன பயன்? அறிவிற் சிறந்த மகனைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டோம். அவனுடைய மக்களுக்குக் கற்பிக்க யாரை வைத்திருக்கிறோம்?

குடமுருட்டியாற்றங்கரை வலங்கைமான் நம்மவர்க்கு அயலூரன்று. பழைய தஞ்சை மாவட்டத்தில் இருந்து இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ள அவ்வூரில், எளிய புரோகிதக் குடும்பத்தில், 1869ஆம் ஆண்டு பிறந்தவர் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பை முடித்த அவர், மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆசிரியர்கள் தமக்கென்று ஒரு சங்கம் காண வேண்டும் என்று முன்னின்று உழைத்தவரும் அவரே. 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1921இல் பிரிவி கவுன்சில் உறுப்பினரானார். 1927இல் இந்திய அரசின் முதற் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார்.

அங்கே அவர் செய்ததைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் உயர்நிலைக் கல்விக்கு வழியின்றி இருந்தனர். சாஸ்திரியார் அங்குள்ள இந்தியரிடமே நிதி திரட்டச் செய்தார். 1929இல் டர்பன் நகரில் திறக்கப்பட்ட அந்நிறுவனம் அவர் பெயரையே தாங்கிற்று. அது உயர்நிலைப் பள்ளி மட்டுமன்று. ஆசிரியர்களைப் பயிற்றும் இடமுமாகும். பள்ளியை மட்டும் கட்டினால் ஒரு தலைமுறை படிக்கும். ஆசிரியரை உருவாக்கினால் வருகின்ற தலைமுறைகளெல்லாம் படிக்கும் என்பதை அந்தப் பழைய வாத்தியார் அறிந்திருந்தார்.

“அவர் பிற சமயத்தவராயிற்றே, அவர் வரலாறு நமக்கெதற்கு?” என்பாரும் உளர். அவர்கள் பத்ருப் போரை நினைவுகூரட்டும். ஈட்டுப்பணம் கொடுக்க வகையற்ற, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த சிறைக்கைதிகள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் விடுதலை பெறலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். வாளேந்தி வந்த பகைவரையே ஆசிரியராக ஏற்ற மார்க்கம் நம்முடையது. அன்று ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடாக நின்றது பத்துக் குழந்தைகளின் கல்வி. இன்று நாம் அந்தக் கல்விக்கு என்ன விலை மதிக்கிறோம்?

இவ்விடத்தில் நம் பள்ளி நிருவாகிகளையும் கேட்காமல் விடுவதற்கில்லை. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் நிலையான பணியில் அமர்ந்தவர்க்குக் குடும்பம் நடத்தப் போதிய ஊதியமுண்டு. ஆனால் நாமே நடத்தும் தனியார் பள்ளிகள் சிலவற்றின் நிலை என்ன? முகப்புக்குப் பளிங்குக்கல் பதிக்கத் தயங்காத கை, ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்கையில் நடுங்குகிறது. “வீட்டில் சும்மா இருக்கும் பெண்தானே, கொடுப்பதை வாங்கிக்கொள்ளட்டும்” என்கின்றனர். கூலியைக் குறைத்துவிட்டுக் கண்ணியத்தை மட்டும் மேடையில் வழங்குவது எந்த நீதி?

பெற்றோர் வழியறியாமல் பிள்ளைகளின் ஆண்டுகளை வீணாக்குவதும் உண்டு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர்க்குரியது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு பயிலும் தொடக்கக் கல்விப் பட்டயம். அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பும் பி.எட்.டும் வேண்டும். பி.எட். படித்தோரைத் தொடக்க வகுப்புகளுக்குத் தகுதியுடையோராகக் கொள்ள இயலாது என்று உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2012 முதல் நடைபெறும் ஆசிரியர் தகுதித் தேர்வில், ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு முதல் தாள். எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு இரண்டாம் தாள். தாளொன்றுக்கு 150 மதிப்பெண்.

2025 செப்டம்பர் முதல் நாளன்று உச்சநீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கிற்று. பணியில் இருப்போரிலும், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் ஈராண்டுகளுக்குள் இத்தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பிற்று. நம்மவர் சிலர் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். நமது பள்ளிகளை நாமே நடத்தும் உரிமை காக்கப்படவே வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தேர்ந்த ஆசிரியர், நம் பிள்ளைக்குத் தேராத ஆசிரியர் என்றால், அது சலுகையா, இழப்பா? சட்டம் வற்புறுத்தினும் விடினும், நம் ஆசிரியர்கள் தாமே முன்வந்து எழுதி வெல்லட்டும்.

2007 முதல் இம்மாநிலத்தில் முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. போராடிப் பெற்ற நாற்காலி அது. அதில் அமரத் தகுதி பெற்றவர்களை வீட்டிலிருந்து அனுப்ப வேண்டியவர்கள் நாமல்லவா?

எல்லாரும் ஆசிரியராகிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. கோடை விடுமுறையை எண்ணி வருபவன் வரவேண்டாம். பெண்ணுக்குப் பாதுகாப்பான வேலை என்ற ஒரே காரணத்துக்காக, விருப்பமில்லாதவளை இதில் தள்ளவும் வேண்டாம். விருப்பமுள்ள பிள்ளையை முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு விடுமுறைக் காலம் முழுதும் மஹல்லாச் சிறுவர்களை மாலையில் கூட்டிப் பாடம் சொல்லித்தரச் சொல்லுங்கள். கடைசி வரிசைச் சிறுவனுக்கு மூன்றாம் முறையும் விளங்கவில்லை என்றால், அவன்மேல் சினம் எழுகிறதா, நாலாவது வழி ஒன்று தேடத் தோன்றுகிறதா? நாலாவது வழியைத் தேடும் பிள்ளையே ஆசிரியர்.

அப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தாய்மார்களே, தந்தையரே, கடவுச்சீட்டு எடுக்க அவசரப்படாதீர்கள். அவனையோ அவளையோ இந்தச் சமுதாயத்தின் விதைநெல்லாக விட்டுவையுங்கள். நாளை எவரேனும் “மகன் என்ன செய்கிறான்?” என்று கேட்டால், உரத்த குரலில் விடை சொல்லுங்கள்.