கண்களே காவல்!

ஆடலரசனுக்குரிய ஐந்து சபைகளுள் நம் குற்றாலத்துச் சித்திர சபையும் ஒன்று. சிதம்பரத்துக்குப் பொன்னும், மதுரைக்கு வெள்ளியும், திருநெல்வேலிக்குத் தாமிரமும், திருவாலங்காட்டுக்கு இரத்தினமும் பெருமை சேர்க்க, இங்கோ வண்ணமே பெருமை சேர்க்கிறது. ஆடற்பெருமானே சுவரில் ஓவியமாகக் காட்சி தருகிறான். பொன் தேய்ந்தால் மீண்டும் வார்க்கலாம். ஓவியன் மறைந்த பின் அவன் கைவண்ணத்தை யார் மீண்டும் தீட்ட முடியும்?

கடையநல்லூரை அடுத்த திருமலைப்புரம் குடைவரையிலும் பாண்டியர் கால ஓவியங்கள் உண்டு. இன்று அங்கே எஞ்சியிருப்பவை சில பகுதிகளே. காலமும் மழையும் அழிப்பதைத் தடுப்பது அரிது. ஆனால் மனிதன் அழிப்பதை என்னென்பது? நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூர்ப் பாறையில், எழுத்தறியாக் காலத்து மக்கள் தீட்டிய ஓவியங்களின் மேல், எழுத்தறிந்தவர்கள் தம் பெயரைக் கிறுக்கியிருக்கிறார்கள்! கற்றவர் செய்யும் செயலா இது?

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பர் சிலர். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள தொல்சின்னத்தைச் சிதைப்போருக்கு, 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டாண்டுச் சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நல்ல சட்டந்தான். ஆனால் தண்டனை கீறலுக்குப் பின்னரே வருகிறது, கீறல் மறைவதில்லை. தனித்துக் கிடக்கும் பாறைக்கெல்லாம் ஒரு காவலரை நிறுத்தவும் இயலாது.

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் இதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். பழங்குடியினரின் பாறைச் செதுக்கல்களைச் சாதாரணக் குடிமக்களே ஊதியமின்றிக் கண்காணிக்கின்றனர். பயிற்சி பெற்று, தமக்கென ஒதுக்கிய இடத்தை அவ்வப்போது சென்று பார்க்கின்றனர். மாற்றம் கண்டால் குறித்துப் படமெடுத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்கின்றனர். எவரோடும் சண்டையிடுவதில்லை, எதையும் தொடுவதுமில்லை.

இந்தத் தொடாமைதான் தொண்டின் உயிர் என்பது என் கருத்து. ஆர்வ மிகுதியால் ஈரத்துணி கொண்டு ஓவியத்தைத் துடைப்பவரும், நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று நீர் தெளிப்பவரும், கிறுக்குபவரைப் போலவே கேடு செய்கின்றனர். சுண்ணாம்புப் பூச்சின் மேல் வண்ணம் ஒரு மெல்லிய படலமே. துடைத்தால் உதிரும், நனைந்தால் உள்ளிருக்கும் உப்பு வெளியேறிப் பூச்சைப் பெயர்க்கும். பழுது பார்ப்பது வல்லுநர் வேலை. பார்த்துச் சொல்வது நம் வேலை.

தோழியரே! 1976-இல் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள், பண்பாட்டுச் செல்வத்தைப் பேணுவதும் ஒன்று. இதற்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம். சாரல் காலத்தில் ஊரே திரண்டு வரும் இவ்வூரில் வாழும் நாம், குழுவாகப் பிரிந்து, ஆசிரியை துணையுடன் மாதம் ஒருமுறை சென்று பார்த்தாலென்ன? கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, உரியவரிடம் சேர்த்தாலென்ன? உறவினர் வரும்போது, "மாமா, சுவரைத் தொடாதீங்க" என்று பணிவோடு சொன்னாலென்ன?

சுவரில் பெயர் எழுதியவரை எவரும் வாழ்த்துவதில்லை. அச்சுவரைக் காத்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படாவிட்டாலும், வருங்காலம் அவர்களை வாழ்த்தும். அந்த வாழ்த்துக்கு நாம் உரியவராவோம்!