மஞ்சள் ஜிடி40-யும் உங்க 84 மாச இஎம்ஐ-யும்

கார் லோன் பற்றி வீடியோ போட்ட பிறகு ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். சென்னையில் ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 72,000. ஒரு எஸ்யூவியோட லிமிடெட் எடிஷனை புக் பண்ணப் போறார். அதே காரோட சாதா வேரியண்ட்டை விட 90,000 ரூபாய் அதிகம். "கார் வாங்கினா மதிப்பு குறையும்னு சொல்றீங்களே அண்ணா, ஃபோர்டு ஜிடியைப் பாருங்க, வாங்கின விலையை விட மூணு மடங்கு போகுது, லிமிடெட் எடிஷன்னா அது இன்வெஸ்ட்மென்ட் தானே" என்று கேட்டிருந்தார்.

ரெண்டு வரியில் பதில் எழுதி முடிச்சிருக்கலாம். ஆனா தம்பி கை வச்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச கார். அதனால கொஞ்சம் நீளமாவே பேசிடுவோம்.

முதல்ல கதை. 1963-ல் ஃபெராரி கம்பெனியை வாங்க ஃபோர்டு பேச்சுவார்த்தை நடத்தினாங்க. கடைசி நேரத்தில் என்ஸோ ஃபெராரி பின்வாங்கிட்டார். கோபம் வந்த இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஃபெராரியைத் தோற்கடிச்சே தீரணும்னு முடிவு பண்ணினார். அப்போ அந்த ரேஸில் ஃபெராரிதான் ராஜா, 1960-லிருந்து தொடர்ச்சியா ஜெயிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஃபோர்டு உருவாக்கின ரேஸ் கார்தான் ஜிடி40. தரையிலிருந்து கூரை வரைக்கும் 40 அங்குலம், அதனால் அந்தப் பேர். 1964-ல் தோல்வி, 1965-லும் தோல்வி. 1966-ல் முதல் மூணு இடமும் ஃபோர்டுக்கு. அடுத்து 67, 68, 69-லும் அவங்கதான். 2019-ல் வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படம் பார்த்தவங்களுக்கு இது தெரிஞ்ச கதை.

நம்ம கணக்கு ஆரம்பிக்கிறது அதுக்கு முப்பத்தஞ்சு வருஷம் தள்ளி. 2002 ஜனவரி, டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் ஃபோர்டு ஒரு மஞ்சள் கலர் கான்செப்ட் காரை நிறுத்தினாங்க. கமிலோ பார்டோ டிசைன். பார்த்தா அப்படியே அந்த 60-கள் ஜிடி40. அதே மூக்கு, அதே சரிவு, கூரையோட சேர்ந்து திறக்கும் அதே கதவு. ஆனா டேப் வச்சு அளந்தா வேற கார். பழசை விட 18 அங்குலத்துக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட 4 அங்குலம் உயரம். பேரில் இருக்கும் 40-ஏ பொய்யாயிடுச்சு பாருங்க. இன்றைய ஆள் உட்காரணும், இன்றைய இன்ஜின் அடங்கணும் என்றால் வேற வழி இல்லை. நம்ம கண்ணுக்குத்தான் பழசு மாதிரியே தெரியுது. அதுதான் டிசைனரோட திறமை.

ஷோவில் கிடைச்ச வரவேற்பைப் பார்த்து சில வாரங்களிலேயே தயாரிக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. அங்கதான் ஒரு சிஏ-வா நான் ரசிக்கிற இடம் வருது. 'ஜிடி40' என்ற பேர் அப்போ ஃபோர்டு கிட்டயே இல்லை! 1980-களில் சஃபீர்னு ஒரு இங்கிலாந்து கம்பெனி பழைய ஜிடி40-களை மறுபடி தயாரிச்சப்போ டிரேட்மார்க் அவங்க பக்கம் போயிடுச்சு. பிறகு அது அமெரிக்காவில் உதிரி பாகம் விற்கும் ஒரு சின்ன கம்பெனி கைக்கு மாறிச்சு. ஃபோர்டு பேசிப் பார்த்தாங்க, படியல. அதனாலதான் விற்பனைக்கு வந்த கார் வெறும் 'ஃபோர்டு ஜிடி'. இரும்பையும் இன்ஜினையும் செஞ்ச கம்பெனி அந்த நாலு எழுத்தை மட்டும் கோட்டை விட்டுடுச்சு.

சரி, தம்பியோட கேள்விக்கு வருவோம். 5.4 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8, 550 குதிரை சக்தி. 2004-லிருந்து 2006 வரைக்கும் உலகம் முழுக்க மொத்தம் 4,038 கார்தான் செஞ்சாங்க. ஆரம்பத்தில் விலை சுமார் 1,40,000 டாலர். இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிற கார் ஏலத்தில் 3 லட்சம் டாலரைத் தாண்டிப் போறது சகஜம். நான் தம்பி பக்கமே தாராளமா இருந்து 4 லட்சம்னு வச்சுக்கறேன்.

1,40,000 போட்டு 20 வருஷம் கழிச்சு 4,00,000. கேட்க சூப்பர். வருஷ வளர்ச்சி எவ்வளவு? 5.4 சதவீதம்.

திரும்பவும் படிங்க, 5.4. நம்ம ஊர் பேங்க் எஃப்டி கூட சில சமயம் இதை விட நல்லாத் தரும். டாலரையும் ரூபாயையும் அப்படி ஒப்பிடக்கூடாதுன்னு நீங்க சொன்னா அதுவும் நியாயம்தான். அப்போ டாலரிலேயே பார்ப்போம். அமெரிக்காவோட எஸ் அண்ட் பி 500 குறியீடு 2004 கடைசியில் சுமார் 1,212. 2024 கடைசியில் சுமார் 5,880. அதே 1,40,000 டாலர் அந்தக் குறியீட்டோட சேர்ந்து வளர்ந்திருந்தா 6.8 லட்சம் டாலர் பக்கம். டிவிடெண்டை நான் சேர்க்கவே இல்லை.

கார் பக்கம் நான் கழிக்காம விட்ட செலவும் இருக்கு. 20 வருஷ இன்ஷூரன்ஸ், நிறுத்த இடம், சர்வீஸ், டயர். பெரிய விலைக்குப் போற கார்களில் நிறைய ஓட்டாமலேயே வச்சிருந்த கார்கள். 550 குதிரையைக் கட்டிப் போட்டு 20 வருஷம் துடைச்சுத் துடைச்சு வச்சாத்தான் அந்த 5.4-ம் கிடைக்கும். நீங்க வாங்கப் போற எஸ்யூவி தினமும் ஓஎம்ஆர் டிராஃபிக்கில் நிற்கப் போகுது.

இது ஜெயிச்ச காரோட கணக்கு என்பதையும் மறந்துடாதீங்க. ஃபோர்டே 2004-ல் பழைய ஷெல்பி கோப்ராவை மனசில் வச்சு இன்னொரு கான்செப்ட் காரைக் காட்டினாங்க. அதுக்கும் கூட்டம் கைதட்டிச்சு. அது ஷோரூம் வரைக்கும் வரவே இல்லை. நாம பேசறது எப்பவும் ஷோரூமுக்கு வந்து, விலையும் ஏறின அந்த ஒண்ணு ரெண்டு காரைப் பற்றித்தான். மல்டிபேகர் ஷேர் கதையிலும் இதே பிரச்சினைதான், காணாமப் போன ஷேரைப் பற்றி யாரும் ரீல்ஸ் போடறதில்லை.

அடுத்த தலைமுறை ஜிடி இன்னும் சுவாரஸ்யம். 2015-ல் டெட்ராய்ட்டில் காட்டினாங்க, 2016-ல், அதாவது முதல் வெற்றிக்குச் சரியா 50 வருஷம் கழிச்சு, லெ மானில் அதோட ரேஸ் வடிவம் தன் பிரிவில் ஜெயிச்சுது. விலை 4.5 லட்சம் டாலர் பக்கம். காசு இருந்தாலும் நேரா போய் வாங்க முடியாது, விண்ணப்பம் போடணும். முதல் 500 காருக்கு 6,500-க்கும் மேல் விண்ணப்பம் வந்தது. யாருக்குக் கொடுக்கணும்னு கம்பெனியே தேர்ந்தெடுத்தது. ரெண்டு வருஷத்துக்கு விற்க மாட்டேன்னு கையெழுத்தும் வாங்கினாங்க. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா சீக்கிரமே விற்றுட்டார்னு 2017-ல் அவர் மேலேயே கேஸ் போட்டாங்க. அடுத்த வருஷம் சமரசம் ஆச்சு.

லிமிடெட் என்ற வார்த்தைக்கு அங்கே அர்த்தம் அது. எத்தனை கார், யார் கைக்குப் போகும், எப்போ விற்கலாம், எல்லாமே எழுத்தில். உங்க டீலர் சொல்ற லிமிடெட் எடிஷன் எத்தனை கார்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் பதில் ஒரு எண்ணா வராது, "ஸ்டாக் இருக்கற வரைக்கும் சார்"னு வரும்.

ஃபோர்டு மேல எனக்குக் கோபமில்லை. 4,038 கார் விற்று அந்த மாதிரி பெரிய கம்பெனியோட லாப நஷ்டக் கணக்கு மாறாது. என் பார்வையில் அந்த மஞ்சள் கார் ஒரு விளம்பரச் செலவு, அதுவும் ரொம்பப் புத்திசாலித்தனமான செலவு. அதைப் பார்க்க ஷோரூமுக்கு வர்றவர் வாங்கிட்டுப் போறது சாதாரண காரைத்தான். இப்போ எல்லாக் கம்பெனியும் அதைத்தான் செய்யறாங்க. மேடையில் ரேஸ் காரோட பேரன், பார்க்கிங்கில் சிவப்புக் கோடு ஒட்டின ஹேட்ச்பேக்.

அந்த சிவப்புக் கோட்டை நானும் வாங்கியிருக்கேன். 2017-ல், பிராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசு. பானட்டில் ரேஸிங் ஸ்ட்ரைப், சீட்டில் சிவப்புத் தையல், டேஷ்போர்டில் ஒரு சின்னத் தகடு. சாதா வேரியண்ட்டை விட 62,000 அதிகம். வாரத்துக்கு ஒரு கிளையண்ட்டுக்கு தேய்மானம் பற்றி கிளாஸ் எடுத்துட்டு, சாயங்காலம் போய் கையெழுத்துப் போட்டவன் நான். ஐந்து வருஷம் கழிச்சு விற்கப் போனேன். பழைய கார் வியாபாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாதா வேரியண்ட் விலையைத்தான் சொன்னார். ஸ்பெஷல் எடிஷனாச்சே என்றேன். ஸ்டிக்கர் இருந்தா வாங்க வர்றவங்க அடியில் கீறல் இருக்கோன்னு சந்தேகப்படுவாங்க, நானே எடுத்துட்டுத்தான் விற்கணும் சார், அதுக்கு ஒரு செலவு இருக்கு என்றார். கடைசியில் அந்தச் செலவுக்கும் சேர்த்து 3,000 குறைச்சுக்கிட்டார். இன்னும் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

தம்பி அனுப்பின கொட்டேஷனைப் பார்த்தேன். ஆன்-ரோடு 16 லட்சம், அதில் 12 லட்சம் லோன், 9.5 சதவீதம், 84 மாசம். இஎம்ஐ 19,600 சொச்சம். சம்பளத்தில் 27 சதவீதம் முதல் தேதியே போயிடும், பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் தனி. வட்டி மட்டும் நாலரை லட்சத்துக்குப் பக்கத்தில். அந்த எடிஷனுக்கான 90,000-ஐ மட்டும் தனியா எடுத்தா மாசம் 1,471 ரூபாய், ஏழு வருஷத்தில் 1,23,500. அதே 1,471-ஐ எஸ்ஐபி-யில் போட்டு வருஷம் 10 சதவீதம் வளர்ந்தா 1.78 லட்சம். அந்த 10 சதவீதத்துக்கு கியாரண்டி கிடையாது. ஸ்டிக்கருக்கு விலை கிடைக்காது என்பதற்கு மட்டும் என் அனுபவத்தில் கியாரண்டி உண்டு.

வருமான வரிச் சட்டமும் இதில் தெளிவா இருக்கு. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற கார் கேபிடல் அசெட்டே கிடையாது, உங்க வீட்டு ஃபிரிட்ஜ், கட்டில் மாதிரி ஒரு சொந்த உபயோகப் பொருள். நகை, ஓவியம், சிற்பத்தை எல்லாம் தனியா பிரிச்சு அசெட்னு சொல்ற சட்டம் காருக்கு அந்த மரியாதை தரல. விற்கும்போது லாபம் வந்தா வரி இல்லை. சந்தோஷப்படாதீங்க, நஷ்டம் வந்தா வேற எந்த லாபத்தோடயும் கழிச்சுக்கவும் முடியாது. சம்பளக்காரங்க தேய்மானமும் எடுக்க முடியாது.

இன்னொரு விஷயம், நிறைய பேர் விட்டுடறாங்க. 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வாங்கும்போது டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார். அது உங்க பணம். ஃபார்ம் 26ஏஎஸ்-ல் வந்திருக்கான்னு பார்த்து ரிட்டர்னில் க்ளெய்ம் பண்ணிக்கோங்க.

அந்தத் தம்பிக்கு நான் எழுதின பதில் சுருக்கமா இதுதான். கார் தேவைன்னா சாதா வேரியண்ட்டை எடுங்க, முன்பணத்தை இன்னும் ரெண்டு லட்சம் கூட்டுங்க, லோனை 60 மாசத்துக்குள் முடிக்கப் பாருங்க. சிவப்புத் தையல்தான் உண்மையிலேயே பிடிச்சிருக்குன்னா எடுத்துக்கோங்க, 90,000-ஐ டூர் போற செலவு மாதிரி ஆசைக்கான செலவுன்னு எழுதிக்கோங்க. இன்வெஸ்ட்மென்ட் காலத்தில் மட்டும் எழுதாதீங்க. புக்கிங் தொகையைத் திருப்பித் தருவாங்களான்னு டீலர் கிட்ட எழுத்தில் வாங்கிக்கிட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னு ரிப்ளை போட்டிருக்கார்.

நீங்களும் இந்த மாசம் புக் பண்ணப் போறீங்கன்னா சாதா வேரியண்ட், ஸ்பெஷல் எடிஷன் ரெண்டுக்கும் கொட்டேஷன் வாங்கி அனுப்புங்க. பேர், போன் நம்பரை மறைச்சுட்டு அனுப்புங்க. நாலஞ்சு சேர்ந்ததும் அடுத்த வீடியோவில் வரி வரியா கணக்குப் போட்டுக் காட்டறேன்.